உடல் யாருடைய சொத்து?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளை. என் சாப்பாட்டுக் கடைக்கு இருபது வருஷமாக வந்து போகும் நண்பர் ஒருவர், கல்லாப் பெட்டிக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜவுளி வியாபாரி. ஐம்பத்திரண்டு வயது. எனக்கு மூத்தவர் ஆதலால் 'காக்கா' என்றே அழைப்பேன். அன்று அவர் முகத்தில் வழக்கமான களை இல்லை.

விசாரித்தேன். டாக்டர் இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார். சர்க்கரை எல்லையைத் தாண்டிவிட்டது. இரத்த அழுத்தமும் கூடுதல். ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது. ஆகாரத்தைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, எப்போதும் போல் ஒரு தே தாரிக்கும் இரண்டு ரொட்டி சானாயும் கொண்டுவரச் சொன்னார்.

நான் தயங்கியதைக் கண்டு அவர் சிரித்தார். "என்ன தம்பி பார்க்கிறாய்? உடம்பு என்னுடையது, வாய் என்னுடையது, காசும் என்னுடையது. இதில் அடுத்தவனுக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. தேநீர் வந்தது. அவர் குடித்தார். நான் காசை வாங்கிக் கல்லாவில் போட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அன்றிரவு கடை சாத்திய பின்னும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டா? உண்டென்றால், அதற்கு உதவி செய்து காசு வாங்குகிறவன் நிலை என்ன? வியாபாரிகளாகிய நாம் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

உடம்புக்குள் நடக்கும் வியாபாரம்

நியாயம் பேசுவதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். நாம் தின்னும் சோறும் ரொட்டியும் சீனியும் வயிற்றில் கரைந்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. சரக்கு கப்பலிலிருந்து இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி அது கிட்டங்கிக்குப் போக வேண்டும். உடம்பிலுள்ள பெரிய கிட்டங்கி நம்முடைய தசைகள். அடுத்தது ஈரல். கிட்டங்கிக் கதவைத் திறந்துவிடும் கணக்கப்பிள்ளைதான் கணையத்தில் ஊறும் இன்சுலின்.

தசைகள் வேலை செய்தால் அங்கிருக்கும் சரக்கு செலவாகிறது. அடுத்த வேளைச் சரக்குக்கு இடம் கிடைக்கிறது. அதுமட்டுமன்று. வேலை செய்துகொண்டிருக்கும் தசை, கணக்கப்பிள்ளை வந்து திறக்கும்வரை காத்திராமல் தானே கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தவருக்கு இரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலிருப்பதற்குக் காரணம் இதுவே.

நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பவனுடைய கிட்டங்கியோ எப்போதும் நிறைந்து கிடக்கிறது. கணக்கப்பிள்ளை எவ்வளவு கூவினாலும் கதவு திறப்பதில்லை. ஒருவர் போதாமல் பத்துப் பேரை அனுப்புகிறது கணையம். ஈரல் மிஞ்சிய சரக்கைக் கொழுப்பாக மாற்றித் தன்னுள்ளும் வைத்துக்கொண்டு இரத்தத்திலும் ஏற்றுமதி செய்கிறது. அந்தக் கொழுப்பு வயிற்றுக்குள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிப் படிகிறது. ஒருநாள் கணையம் களைத்துப் போகிறது. அன்றைக்குத்தான் டாக்டர் நமக்கு நீரிழிவு என்று பெயர் சொல்லுகிறார். வியாதி தொடங்கியதோ அதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால்.

1988-ஆம் ஆண்டில் ஜெரால்டு ரீவன் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞர், உயர்ந்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை ஆகியவை தனித்தனி வியாதிகளாக வராமல் ஒரே வேரிலிருந்து கிளைப்பதை எடுத்துக் காட்டினார். அந்த வேர், இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்க மறுப்பது. இன்று டாக்டர்கள் அதை ஐந்து வரிக் கணக்காகப் பார்க்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு நம் போன்ற ஆசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டுவது. வெறும் வயிற்றில் சர்க்கரை 5.6 அல்லது அதற்கு மேல். இரத்த அழுத்தம் 130-க்கு 85 அல்லது அதற்கு மேல். டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 1.7 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 1.0-க்கும் பெண்களுக்கு 1.3-க்கும் கீழ். ஐந்தில் மூன்று இருந்தால் ஐந்தொகை நஷ்டத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

வருஷா வருஷம் கடைக்கு ஐந்தொகை போடுகிற நம்மில் எத்தனை பேருக்கு இந்த ஐந்து எண்களும் தெரியும்?

தண்டு தோளிலிருந்து இறங்கிய கதை

"நம் பாட்டனார் மூன்று வேளையும் சோறுதான் தின்றார். அவருக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் காலத்தில் பலர் வேறு நோய்களில் இளவயதிலேயே போனார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும் அந்தக் கேள்வியில் ஓர் உண்மை உண்டு.

நாசி கண்டார் என்கிறோமே, அந்தப் பெயரைச் சற்று நினைத்துப் பாருங்கள். கண்டார் என்பது தோளில் தண்டு வைத்துச் சுமப்பது. பினாங்கில் நம் முன்னோர்கள் ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் கறிகளையும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாக, துறைமுகம் வரை நடந்தே விற்றார்கள். வாங்கித் தின்றவர்களோ மூட்டை சுமந்த தொழிலாளர்கள். விற்றவனும் நடந்தான்; தின்றவனும் சுமந்தான். அந்தச் சோறு அந்த உழைப்புக்கு அளந்து வைத்த சோறு.

இன்று தண்டு தோளிலிருந்து இறங்கிவிட்டது. பெயர்ப் பலகையில் மட்டும் நிற்கிறது. சோற்றின் அளவோ இறங்கவில்லை. "குழம்பு பாஞ்சிர்" என்று தட்டு நிறைய வெள்ளம் விடச் சொல்கிறவர் காரிலிருந்து இறங்கி வந்து, தின்று, காரிலேயே ஏறிப் போகிறார். விற்கிற நானும் கல்லாவில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இது வெறும் ஊகமன்று. 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர், லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர். இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே ஊரில் வேலை செய்கிறவர்கள். ஆயினும் கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கே இருதய நோய் அதிகமாக வந்தது. டிரைவர்களின் சீருடைக் காற்சட்டை இடுப்பளவும் பெரிதாக இருந்ததை அவரே பின்னர் கண்டு எழுதினார். வேலைக்குச் சேரும்போதே டிரைவர்கள் சற்றுப் பருத்தவர்களாக இருந்திருக்கலாம் என்று எண்ண அதில் இடமிருந்தது. ஆகவே படிக்கட்டுக்கே முழுப் பெருமையும் சேராது. இருந்தாலும் அதன் பின் வந்த எத்தனையோ ஆராய்ச்சிகள் அவர் பக்கமே பேசியிருக்கின்றன.

விதி என்று விட்டுவிடலாமா?

இன்னொரு வாதம் உண்டு. "என் அத்தாவுக்கு இருந்தது, எனக்கும் வந்தது. எல்லாம் பிறவியிலேயே எழுதியது." இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. இந்திய வம்சத்தாருக்குக் குறைந்த எடையிலும் இளைய வயதிலும் இந்நோய் வருவது மெய். மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கில் வயது வந்தோரில் 100-க்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியரை மட்டும் எடுத்தால் 100-க்கு 31 பேர். 2023 கணக்கில் நாட்டின் விகிதம் 100-க்கு ஏறக்குறைய 16 என்று சற்றே இறங்கியது. சிங்கப்பூர் அரசாங்கம் 2016-இல் நீரிழிவின் மீது போர் என்றே பிரகடனம் செய்தது.

ஆனால் இரத்தத்தில் எழுதியிருப்பது முழுத் தீர்ப்பா, அல்லது முன்னெச்சரிக்கை மட்டுமா? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கி, நீரிழிவின் வாசலில் நின்ற 577 பேரில் சிலருக்கு ஆகாரத்தையும் சிலருக்கு உடற்பயிற்சியையும் சிலருக்கு இரண்டையும் சீர்செய்து ஆறு வருஷம் பார்த்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 100-க்கு ஏறக்குறைய 68 பேர் நோயில் விழுந்தார்கள். மற்றவர்களில் 41 முதல் 46 பேர் வரை. முப்பது வருஷம் கழித்தும் பார்த்தபோது, சீர்செய்துகொண்டவர்களுக்கு நோய் சராசரி நான்கு வருஷம் தள்ளி வந்திருந்தது. இருதய நோயும் குறைந்திருந்தது.

அமெரிக்காவில் 3,234 பேரை வைத்துச் செய்து 2002-இல் வெளியிட்ட சோதனையில், எடையில் 100-க்கு 7 பங்கைக் குறைப்பதும் வாரம் 150 நிமிஷம் வேகமாக நடப்பதும் இலக்கு. நோய் வருவது 58 சதவிகிதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை மட்டும் தின்றவர்களுக்குக் குறைந்தது 31 சதவிகிதம். நடை மாத்திரையை வென்றது. ஆண் பெண் இருபாலாரிலும் அப்படியே.

நம் இரத்தத்துக்கு நெருக்கமான சோதனை சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்தில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. ஆகாரத்தைத் திருத்தி அன்றாடம் நடந்தவர்களிலோ 100-க்கு 39 பேருக்கு வந்தது.

இந்த 39 என்ற எண்ணிடம் சற்று நிற்போம். பதினாறு பேர் தப்பினார்கள் என்பது பெரிய லாபம். எந்த வியாபாரியும் அந்த லாபத்தை வேண்டாம் என்று சொல்லமாட்டான். ஆனால் டாக்டர் சொன்னபடி செய்த கூட்டத்திலும் முப்பத்தொன்பது பேருக்கு வந்துவிட்டது. ஆகவே நோயாளியைப் பார்த்து, "நீ தின்று கெடுத்துக்கொண்டாய்" என்று விரல் நீட்டுவதற்கு நம்மில் எவருக்கும் அருகதை இல்லை. கடை நொடித்தவனெல்லாம் ஊதாரி என்று சொல்வோமா? ஒழுங்காகக் கணக்கு வைத்தும் காலக்கேட்டால் நொடித்தவர்களை நாம் பார்த்ததில்லையா? முதலைக் காக்க வேண்டியது கடமை. காத்தும் போனால் அது குற்றமன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம்மவர் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு பரிசோதனைக்கே போவதில்லை.

பங்காளிகள் யார்?

இனி காக்காவின் கேள்விக்கு வருகிறேன். "உடம்பு என்னுடையது" என்றாரே, அது எவ்வளவு தூரம் சரி?

கடையில் நாம் ஒருவரே முதலாளி என்று பலகையில் எழுதியிருக்கலாம். ஆனால் பேரேட்டைத் திறந்தால் தெரியும், அதில் எத்தனை பேர் பணம் இருக்கிறதென்று. கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர், சம்பளத்தை நம்பியிருக்கும் கடைப்பையன், ஊரில் மணியார்டருக்குக் காத்திருந்த அந்தக் காலத்துத் தாய், இன்று படிப்புச் செலவுக்கு எதிர்பார்க்கும் பிள்ளைகள். முதலாளியின் கால் விரல் ஒன்றை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டால், சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தி செய்ய வேண்டி வந்தால், அந்த நஷ்டத்தை அவர் ஒருவரே சுமப்பாரா? நாம் அமானிதம் என்ற சொல்லைப் பிறர் நம்மிடம் கொடுத்து வைத்த பணத்துக்கும் நகைக்கும் சொல்லிப் பழகியிருக்கிறோம். நம் காலும் கண்ணும்கூட அப்படிப்பட்டவைதாம். வைத்திருப்பவர் நாம், எதிர்பார்த்திருப்பவர் பலர்.

இதை நான் காக்காவிடம் மறுமுறை சொன்னபோது அவர் வாதாடவில்லை. "மச்சி எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். "அவளுக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறாள். கடைசிப் பையன் வயிற்றிலிருந்தபோது சர்க்கரை இருந்தது. பிள்ளை பிறந்ததும் போய்விட்டது" என்றார். அந்தப் பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது. இடையில் ஒருமுறையாவது பார்த்தீர்களா என்றேன். இல்லை.

சகோதரர்களே, கர்ப்ப காலத்தில் சர்க்கரை கண்ட பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு. பிரசவத்தோடு அது போய்விட்டதென்று நினைப்பது, தவணை கேட்டுப் போன கடன்காரர் கடனையே தள்ளிவிட்டார் என்று நினைப்பதற்குச் சமம்.

ஆண் தேகமும் பெண் தேகமும் இவ்விஷயத்தில் ஒன்றல்ல. ஆணுக்கு இள வயதிலேயே கொழுப்பு வயிற்றில் சேர்கிறது. பெண்களைவிடக் குறைந்த பருமனிலேயே அவனுக்கு நோய் வந்துவிடுகிறது. பெண்ணுக்கு இடையிலும் தொடையிலும் சேரும் கொழுப்பு அவ்வளவு கேடு செய்வதில்லை. அது அவளுக்கு ஒருவிதக் காப்பு. மாதவிடாய் நின்ற பிறகு அந்தக் காப்பு குறைந்து, கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. நீரிழிவு வந்துவிட்டால் பிறகு கணக்கு தலைகீழாகிறது. அது ஆணின் இருதயத்துக்குச் செய்யும் தீங்கைவிடப் பெண்ணின் இருதயத்துக்குச் செய்யும் தீங்கு விகிதத்தில் பெரிது.

மருந்து மட்டும் இருபாலார்க்கும் ஏறக்குறைய ஒன்றே. நடை, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் வேலை, அதாவது கனம் தூக்குவது, உட்கார்ந்து எழுவது, அரிசியும் மைதாவும் சீனியும் குறைந்து, காய்கறியும் பருப்பும் மீனும் கூடிய தட்டு. ஆனால் மருந்து ஒன்றாக இருந்தாலும் அதை எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்றாக இருக்கிறதா?

இங்கேதான் நாம் தலை குனிய வேண்டியிருக்கிறது. காக்கா கடை சாத்தி வீடு சேர இரவு பதினொன்றரை. மச்சி அதுவரை சாப்பிடாமல் காத்திருந்து, அவரோடு சோறு தின்று, பாத்திரம் கழுவிப் படுப்பார்கள். விடியற்காலையில் எழுந்து பிள்ளைகளுக்குச் சமையல். மீந்ததை வீணாக்கக் கூடாதென்று மீந்ததும் அவர்கள் வயிற்றுக்கே. நடப்பதற்கு நேரம் எங்கே? மாலையில் ஒரு பெண் தனியாகப் பூங்காவுக்குப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் வேறு. "வீட்டு வேலை செய்கிறாளே, அதுவே தேகப்பயிற்சிதானே" என்று சொல்லிவிடுகிறோம். பெருக்குவதும் துடைப்பதும் பயனுள்ளவைதாம். ஆனால் இன்றைய அடுக்குமாடி வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் எத்தனை அடி?

அந்தச் சென்னைச் சோதனையில்கூட 531 பேரில் பெண்கள் 110 பேர்தாம். சோதனைக்கு வந்து நிற்பதிலேயே பெண்கள் பின்தங்கிவிடுகிறார்கள் என்றால், வீட்டில் சொல்ல வேண்டுமா?

ஆகவே, "உடம்பு என்னுடையது" என்ற காக்கா, தமக்குத் தெரியாமலே இன்னொருவர் உடம்பின் கணக்கையும் எழுதிக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடும் நேரம்தான் மச்சி சாப்பிடும் நேரம். அவர் விரும்பும் நெய்ச்சோறும் தால்ச்சாவும்தான் வீட்டுச் சமையல். தனக்குச் செய்துகொள்வதில் மட்டும் ஒருவனுக்கு முழு உரிமை உண்டென்றே வைத்துக்கொண்டாலும், தனக்கு மட்டுமே செய்துகொள்வது என்று குடும்பஸ்தனுக்கு ஏதாவது இருக்கிறதா?

நோன்பு மாதத்தில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். பகலெல்லாம் அடக்கி வைத்த வாய்க்கு மாலையில் நஷ்டஈடு கொடுப்பது போல் கஞ்சி, வடை, சமோசா, வட்டலப்பம், சிவப்புச் சர்பத் என்று மேஜையை நிரப்புகிறோம். அந்த மேஜையை நிரப்ப நோன்போடு மணிக்கணக்கில் அடுப்படியில் நிற்பவர் யார்? சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே டாக்டரைக் கண்டு, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்வது அவசியம். இதையும் வீட்டில் ஒருவர் மற்றவருக்கு நினைவூட்ட வேண்டும்.

விற்கிறவன் பங்கு

இவ்வளவும் காக்காவைப் பற்றிச் சொன்னேன். என்னைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பொய்.

இனிப்பை விற்பது பாவமா? அல்ல. பசித்தவனுக்குச் சோறும் களைத்தவனுக்குத் தேநீரும் விற்பது கண்ணியமான தொழில். என் பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். ஆனால் துணி விற்கிறவன் கிழிசலை மடிப்புக்குள் மறைத்து விற்றால் அதை வியாபாரம் என்று நாம் ஒப்புவதில்லை. எடையும் அளவும் வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்கிறோம். அப்படியானால் ஒரு கண்ணாடி தேநீரில் எத்தனை கரண்டி இனிப்புப் பால் விழுகிறதென்று வாங்குகிறவனுக்குத் தெரியுமா? உலகச் சுகாதார ஸ்தாபனம் 2015-இல் சொன்ன யோசனை, சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்பது. என் கடையில் நாளுக்கு நான்கு தே தாரிக் குடிக்கிறவர்கள் உண்டு.

அரசாங்கங்கள் இவ்விஷயத்தில் நம்மை முந்திவிட்டன. மலேசியாவில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, இனிப்பு மிகுந்த அடைத்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. பின்னர் அதை உயர்த்தினார்கள். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் அடைத்த பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடையில் அவ்வப்போது கலக்கும் பானங்களுக்கும் ஏ, பி, சி, டி என்று சீனிக்கும் கொழுப்புக்கும் ஏற்பத் தரம் பிரித்தார்கள். கடைசித் தரத்துக்கு விளம்பரமே செய்யக் கூடாது. இவையெல்லாம் சட்டம். சட்டம் வந்து சொல்லும் வரை காத்திருக்கிறவன் நல்ல வியாபாரியா?

என் கடையில் மூன்று காரியம் செய்தேன். முன்பெல்லாம் இனிப்புக் குறைவாக வேண்டுமென்றால் 'கூராங் மானிஸ்' என்று கேட்க வேண்டும். கேட்காதவருக்கு முழு இனிப்பு. இப்போது அதைத் திருப்பிவிட்டேன். கேட்காதவருக்குக் குறைவு, கூட வேண்டும் என்பவர் கேட்டால் அதே விலைக்குக் கூடவே கிடைக்கும். இதைச் சுவரில் எழுதியும் ஒட்டினேன். ஒருவரை ஏமாற்றி நல்லது செய்வதும் ஏமாற்றுத்தானே. இரண்டாவது, எல்லா மேஜையிலும் பச்சைத் தண்ணீர்க் கூஜா, இலவசமாக. மூன்றாவது, கடைப்பையன்கள். அவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு மீந்த கறியையும் சோற்றையும் தின்றுவிட்டு அப்படியே படுப்பார்கள். என் கடையில் உழைத்து என் கடையிலேயே நோயை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினால் அந்தக் கடனை யார் தீர்ப்பது? இப்போது அவர்களுக்கு இரவு எட்டு மணிக்கே முறை வைத்துச் சாப்பாடு, காய்கறியோடு.

இதனால் வியாபாரம் பெருகியது என்று எழுத ஆசைதான். உண்மை அப்படியில்லை. "சாயம் கலந்த வெந்நீர்" என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். போனவர்களில் சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. கூட்டிக் கழித்தால் சிறு நஷ்டம்தான். அந்த நஷ்டத்தைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று சில நாள் யோசித்தேன். பிறகு எழுதாமலே விட்டுவிட்டேன்.

காக்கா சில வாரம் கழித்து வந்தார். மச்சியைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அவருடைய சர்க்கரையைவிட மச்சியுடையது அதிகம். எத்தனை வருஷமாக இருந்ததென்று யாருக்கும் தெரியாது. மருந்து தொடங்கியிருக்கிறது. இப்போது காக்கா கடையை மகனிடம் விட்டுவிட்டு எட்டு மணிக்கே வீட்டுக்குப் போகிறார். இருவரும் சாப்பிட்டுவிட்டு அடுக்குமாடியைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கிறார்களாம். ஆரம்பத்தில் மச்சிக்குக் கூச்சம். இப்போது இவரை விட அவர்கள்தான் வேகமாம்.

"நடக்கிறேன் தம்பி. தட்டையும் பாதியாக்கிவிட்டேன். ஆனாலும் குறையாவிட்டால்?" என்று கேட்டார். இம்முறை அவர் குரலில் சிரிப்பு இல்லை.

எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு சொன்னேன்: "காக்கா, முப்பது வருஷமாகத் தினம் காலையில் கடை திறக்கிறீர்கள். அன்றைக்கு வியாபாரம் ஆகுமா ஆகாதா என்று தெரிந்துகொண்டா திறக்கிறீர்கள்?"

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஒரு தே ஓ போடச் சொல். கோசோங்" என்றார்.

நம் கடைகளையும் நம் வீடுகளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்ப்போமாக.